பெண்கள் வாசலில் நின்றவர்

அவர் பேர் எனக்குத் தெரியாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒன்றரை வருசம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், இரண்டு முழத் தூரத்தில் நின்று என்னோடு பேசிய மனுசர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அதற்கு மேல் பேர் எதற்கு என்று இருந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய வினையாகப் போயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். தூத்துக்குடியில் ரயிலடிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சினிமாக் கொட்டகை. அதில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலை எனக்கு. சாத்தான்குளத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி இரண்டாம் வருசமே புருசனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, தூத்துக்குடியில் அக்காள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவள். வயசு இருபத்திரண்டு, வாய் கொஞ்சம் நீளம். பெண்கள் வாசலுக்கு அதுதான் தகுதி என்று மேனேஜர் என்னை வைத்துக்கொண்டார். அத்தான் மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார். வேலைக்குப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் உன்னைப் பற்றி ஒரு பேச்சு என் காதுக்கு வந்தால் மறுநாளே சாத்தான்குளத்துக்கு பஸ் ஏற்றிவிடுவேன் என்றார். அவர் சொன்னதைச் செய்கிற ஆள்.

கொட்டகைக்கு நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். சுவருக்கு மேல் கறுப்புப் படுதா. புருசனும் பெண்டாட்டியும் ஒன்றாக வருவார்கள், வாசலில் பிரிந்து போவார்கள், ஒரே படத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து சேர்ந்துகொள்வார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. வாசல் திரையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, லேட்டாக வருகிறவர்களுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்ப்பேன். பாதிப் படத்துக்கு ஆரம்பம் தெரியாது, மீதிப் படத்துக்கு முடிவு தெரியாது.

அவருடைய குரலைத்தான் முதலில் கேட்டேன். ஏதோ ஒரு இங்கிலீஷ் படம். பனி கொட்டுகிறது. ஒரு தாயும் மகளும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு நடக்கிறார்கள். பெண்கள் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"உப்பு."

கொட்டகையே குலுங்கிச் சிரித்தது. சுற்றிலும் உப்பளம் இருக்கிற ஊரில் உப்பைத் தெரியாதா? அதற்கு மேல் யார் கண்ணுக்கும் அது பனியாகத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாய் குளிரில் சாகக் கிடக்கிறாள், இவனுக்கு உப்புக் கேட்கிறதோ என்று வாசலில் நின்று முணுமுணுத்தேன். அன்றைக்கு 'இவன்' என்றுதான் சொன்னேன்.

ஆண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன்தான் ஆளைக் காட்டினான். துறைமுகத்துப் பக்கம் சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் வேலை பார்ப்பவர். நாற்பது வயசு இருக்கும், ஒல்லி. சங்கு குளிக்கிறவர்கள் கொண்டுவந்து கொட்டுகிற சங்குகளை, வட்டமாகத் துளை போட்ட ஒரு பலகையில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும். துளையில் நழுவி விழுந்தால் சின்னது, மறுபடியும் கடலுக்குப் போய்விடும். நின்றதைக் கையில் எடுத்து, வலது கட்டைவிரல் நகத்தால் மேலெல்லாம் தடவிப் பார்ப்பார். புழு அரித்த ஓட்டையில் சுண்ணாம்பை அடைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தப்பினாலும் அந்த நகத்துக்குத் தப்பாதாம். சங்குச் சதை அழுகுகிற வாடை அவர் மேலேயே ஊறிப்போயிருந்தது. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காலையில் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டுத்தான் பகல் ஆட்டத்துக்கு வருவார். இருந்தாலும் பெஞ்சு நிறைந்து வழிகிற நாளில்கூட அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் இடம் காலியாகக் கிடக்குமாம். ஆண்கள் வாசல்காரன் அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்த ஊர்ப் படமானாலும் அவருக்கு ஒரே வேலைதான். எங்கே பொய் என்று நகத்தை வைத்துவிடுவார். புராணப் படத்தில் பாற்கடல் வந்தால், ரெண்டு பேர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சேலையை ஆட்டுகிறார்கள் என்பார். பெருமாள் கையில் இருப்பது சங்கே இல்லை, மண்ணில் செய்து வெள்ளை அடித்தது என்பார். அமெரிக்காக்காரன் குதிரையில் துரத்துகிற படத்தில், ஒரே பாறையை மூன்று தடவை சுற்றி வருகிறான், அதற்குள் எதிராளியைப் பிடித்திருக்கலாம் என்பார். பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு ஊரே நடுங்கிக்கொண்டு வெளியே வரும். இவர் மட்டும், பேய் நடந்தால் பலகை கிறீச்சிடுகிறதே, பேய்க்கு ஏது கனம் என்று கேட்டுக்கொண்டு வருவார். யுத்தச் செய்திப் படம் ஓடும்போது மட்டும் அவர் வாயைத் திறந்ததில்லை. அதில் எல்லாம் நெசம், அதனாலேதான் பார்க்க முடியவில்லை என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

என்னிடம் பேச வந்த கதையைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் விட்டு, பெண்கள் எல்லாம் போன பிறகு, இவர் ஆண்கள் வாசலிலிருந்து சுற்றி என் வாசலுக்கு வந்தார். வாசல் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தூணைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, உள்ள பொம்பளைங்க எந்த எடத்துல அழுதாங்க?"

கிண்டல் பண்ண வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ஏன், கைக்குட்டை விக்கப் போறீயளா?" என்றேன். இன்னும் நாலு வார்த்தை கொடுத்தேன், அதெல்லாம் இங்கே வேண்டாம். அவர் எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். கொழும்பிலிருந்து வந்தது. மூன்றே வரி. படத்தில் எது பொய் என்று எழுதுகிறீர்கள், அது எனக்கும் தெரியும். பெண்கள் பக்கம் எங்கே அழுதார்கள் என்று தெரிந்தால் எழுதவும். கீழே கையெழுத்து இல்லை.

அவர் பெண்டாட்டி எழுதியது. கொழும்பில் அண்ணன் வீட்டில் போய் இருக்கிறாள். இவர் வாராவாரம் பார்த்த படத்தைப் பற்றி எழுதிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எட்டு மாசத்துக்குப் பிறகு வந்த முதல் பதில் இது. சும்மா கிடந்த வீட்டில் ஆள் வந்த மாதிரி அந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு என் வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது. அன்றைக்கு ஓடிய படத்தில் அண்ணன் தங்கையைப் பிரிகிற இடத்தில் எல்லோரும் அழுதார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் அழுதார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருட்டு. எனக்குத் தெரிந்தது என் கண் மட்டும்தான். நான் எங்கே அழுதேனோ அதை எல்லோர் தலையிலும் போட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகும் வாராவாரம் அப்படித்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் திரையை விலக்கிப் பிடித்து உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். அழுகை வருகிறதா என்று என்னையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்ட ஒரே ஆள் அவர். அதுவும் என்னைக் கேட்கவில்லை, பெண்கள் பக்கத்தைக் கேட்டார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு இந்திப் படம் வந்தது. ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்காது. அதற்கும் பெண்கள் அழுதார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். அவள் சோறு போடுகிறாள், அவன் ஒரு வாய்கூட உண்ணாமல் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறான், அதற்குப் பாஷை எதற்கு என்று கேட்டேன். அப்படியா, நான் அந்த இலையில் இருந்தது மெழுகுப் பழம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். இன்னொரு தடவை வெள்ளைக்காரச் சிரிப்புப் படம். ஒரு குண்டு மனுசன் மேசையோடு சேர்ந்து விழுந்து தட்டு முட்டெல்லாம் நொறுங்குகிறது. ஆண்கள் பக்கம் உருண்டு சிரித்தார்கள், பெண்கள் பக்கம் சிரிப்பு கம்மி. ஏன் என்று கேட்டார். அதை எல்லாம் யார் பெருக்கி அள்ளுவது என்றேன். இவர் தூணில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் சோடாக்காரன் திரும்பிப் பார்த்தான்.

இதெல்லாம் அப்படியே கொழும்புக்குப் போயிற்று. யுத்த காலமாகையால் கடிதத்தை எல்லாம் சென்சாரில் உடைத்துப் பார்ப்பார்கள். ஒரு கடல் படத்தைப் பற்றி, கப்பல் பொம்மைக் கப்பல், தொட்டித் தண்ணீரில் விடுகிறார்கள் என்று இவர் எழுத, கப்பல் என்று வருகிற இடத்தையெல்லாம் அவர்கள் மை பூசி அடித்துவிட்டார்கள். என்னது பொம்மை, புரியவில்லையே என்று அவள் எழுதிக் கேட்டிருந்தாள். அதுதான் அவளிடமிருந்து வந்த முதல் கேள்வி. அவர் அந்தக் கார்டைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். சர்க்கார் ஒரு நல்ல காரியம் பண்ணியது என்று நான் சொன்னேன்.

அவள் ஏன் போனாள் என்பதை அவர் சொல்லப் பல மாசம் ஆனது. சொன்னபோதும் தூணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் வேலைக்கு வருவதற்கு முன்னால் அதே கொட்டகையில் நடந்தது. ஒரு தமிழ்ப் படம். ஒரு தாய் செத்துப்போன பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். இவர் அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். படம் விட்டு வெளியே வந்து சேர்ந்து நடக்கும்போது இவர் வழக்கம்போல ஆரம்பித்திருக்கிறார். பிள்ளை மரப்பொம்மை, கை மடங்கவே இல்லை, ஒரு மரக்கட்டைக்கு அவ்வளவு அழுகை அழுகிறாள் என்று. அவள் பாட்டுக்கு நடந்தாள். வீட்டுக்கு வந்து உலையை வைத்தாள். அடுத்த வாரம் கப்பல் ஏறிவிட்டாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் இருந்து போயிருந்தது.

"தப்புன்னு தெரியுது தங்கச்சி. எந்த எடத்துல தப்புன்னுதான் பிடிபட மாட்டேங்கு. அது பொம்மைதான?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. யாருக்குத் தெரியாது பொம்மை என்று? அவள் குருடியா?

"பொம்மைன்னு எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி. தெரிஞ்சுதான் அழுதோம்."

நான் அந்தப் படத்தைப் பார்த்ததுகூட இல்லை. ஏன் 'அழுதோம்' என்று சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் தூணில் காரை பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வருவது நின்றுவிட்டது. ஆண்கள் பக்கம் கொஞ்சம் ஏமாற்றம்தான், படத்தைவிட அவர் பேச்சுக்காக வருகிறவர்கள் இருந்தார்கள். ஒரு ருஷ்யாப் படம் வந்தது. பனிக்காட்டில் ஒரு கிழவி மகனைத் தேடிப் போகிறாள். அன்றைக்கு வந்து, இது உப்பு இல்லை, அவள் வாயில் புகை வருகிறது பார்த்தாயா, நெசப் பனி என்றார். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

"இன்னிக்கு ஒரு எடத்துல எனக்கும் தொண்டையை அடைச்சுது. அதையும் எழுதலாமா?"

எழுதுங்கள் என்றேன். எனக்கு அப்படியொரு சந்தோசம். வீட்டுக்குப் போய் அக்காளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். என்னவென்று சொல்வது?

இரண்டு வாரம் கழித்து என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே வெங்காய மண்டி முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டம்மா எங்கள் கொட்டகைக்கு வாராவாரம் வருகிறவள், பிள்ளை குட்டி எல்லாம் சேர்த்து ஒரு பெஞ்சை நிறைக்கிற கூட்டம். பெண்கள் வாசலில் ஒரு ஆள் நிற்கிறான், படம் விட்டு வருகிற பெண்களின் கண்ணை உற்றுப் பார்க்கிறான் என்று புருசனிடம் சொல்லியிருக்கிறாள். பார்த்தது உண்மைதான். கொஞ்ச நாளாகவே, பெண்கள் வெளியே வரும்போதே வந்து நின்று, யார் கண் சிவந்திருக்கிறது என்று அவர் பார்ப்பார். சங்கைப் பார்க்கிற அதே பார்வை. வேறு மாதிரிப் பார்க்க அந்த மனுசருக்குத் தெரியாது.

அவரும் அங்கேதான் நின்றார், மேசையின் ஓரமாக. மேனேஜர் முதலில் அவரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். முதலாளி இருந்ததால் அதட்டலாகக் கேட்டார்.

"ஏளா, இந்த ஆளு உன் வாசல்ல நின்னு என்ன பேசுதாரு?"

ஒரு வரி போதும். அவர் பெண்டாட்டிக்கு எழுதுவதற்காகப் படத்தில் அழுகிற இடத்தைக் கேட்கிறார். இவ்வளவுதான். மேனேஜர் சிரித்திருப்பார், முதலாளியும் சிரித்திருப்பார். ஆனால் ஒன்றரை வருசமாக ஒரு ஆம்பளையோடு வாராவாரம் நின்று பேசியிருக்கிறேன் என்பது அதில் வந்துவிடும். எனக்கு அத்தான் முகம் வந்தது, சாத்தான்குளம் பஸ் வந்தது. 

"எனக்கு அவிய பேருகூடத் தெரியாது. அவியளாத்தான் வந்து நிக்காவ."

இரண்டும் உண்மை. அந்த அறையில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். ஒன்றரை வருசத்தில் அப்போதுதான் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நானாத்தான் நிக்கேன். அந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒரு பேச்சும் கெடையாது."

எந்தத் தேசத்துப் படமானாலும் பொய்யைத் தூக்கி வெளியே போட்ட ஆள், ஒரு பொய்யை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இனிமேல் இந்தக் கொட்டகைப் பக்கம் வரக் கூடாது என்று மேனேஜர் சொன்னார். சரி என்றார். போகும்போது முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. படம் மாறிக்கொண்டிருந்தது. நான் திரையை விலக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு தடவை பஜாரில் அவரைத் தூரத்தில் பார்த்தேன், பார்த்ததும் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்துகொண்டேன். வாங்க ஒன்றுமில்லாமல் கடைக்காரரிடம் பத்து சேலையை விரிக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து யார் மேல் கோபம் என்று தெரியாமல் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

யுத்தம் முடிந்து கொழும்புக் கப்பல் ஒழுங்காக ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள், பகல் ஆட்டம் தொடங்கி எல்லோரும் உள்ளே போன நேரம், ஒரு அம்மாள் என் வாசலுக்கு வந்து நின்றாள். சாம்பல் நிறப் பட்டுச்சேலை, கழுத்தில் ஜெபமாலை. டிக்கெட் எங்கே என்று கேட்டேன். படம் பார்க்க வரவில்லை என்றாள்.

"நீதானா அந்தப் பிள்ள?"

எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். இனிமேல் பெண்கள் பக்கத்தைப் பற்றி எழுத முடியாது என்று அவர் எழுதினாராம். நான் போய் நின்றால் அந்தப் பிள்ளைக்குக் கெட்ட பேர் வரும், அது வேலையை நம்பி இருக்கிறது, அதனால் படத்துக்கே போவதில்லை என்று எழுதினாராம். இத்தனை வருசம் படத்தைப் பற்றி எழுதிய கடிதத்தை எல்லாம் விட, படத்துக்குப் போகவில்லை என்று எழுதிய அந்த ஒன்றுக்காகத்தான் கப்பல் ஏறி வந்ததாகச் சொன்னாள்.

"இன்னொண்ணும் எழுதியிருந்தாவ. பொம்பளைங்க எல்லாரும் அழுதாங்கன்னு அந்தப் பிள்ள சொல்லும், ஆனா அது மட்டுந்தான் அழுதிருக்கும், பாவம்ன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல ஆகிவிட்டது. அவர் நகத்துக்கு நான் மட்டும் தப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வாராவாரம் வந்து கேட்டிருக்கிறார்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. ரெண்டு பேரும் கொழும்புக்கே போகிறோம், அண்ணன் கடையில் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை கப்பல் என்றாள். போவதற்கு முன்னால் உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார் என்றாள். கடைசியில் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஒன்று சொன்னாள்.

"மேனேஜர்கிட்ட அவியளுக்காக நீ பேசித்தான் இருப்பே. அவங்க கேட்டிருக்க மாட்டாங்க. மனசுல வச்சுக்கிடாத."

நான் வாயைத் திறந்திருக்கலாம். நீளமான வாய் என்று ஊரே சொல்லும் வாய்தானே? இல்லை அக்கா, நான் பேசவில்லை என்று நாலு வார்த்தை. சொல்லவில்லை. சரிக்கா என்று தலையை ஆட்டினேன். ரோட்டுப் பக்கம் வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ என்று கூப்பிட்டதற்கு, வாசலை விட்டு வர முடியாது என்றேன். எல்லோரும் உள்ளே போய்விட்ட வாசல். அவள் போனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி தெரிந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து கடற்கரைப் பக்கம் நடந்து போனார்கள். பேசிக்கொண்டே போனது அவள்தான்.

வெள்ளிக்கிழமை கப்பல் போயிற்று. திங்கட்கிழமை நான் மேனேஜர் அறைக்குப் போனேன். பெரிய வீரம்! கேட்க வேண்டியவர் கடல் தாண்டிப் போன பிறகு. அந்தச் சங்குக் கிட்டங்கிக்காரர் என்னோடு பேசினது உண்மை, ஒன்றரை வருசம் பேசினார், நானும் பேசினேன், படத்தைப் பற்றித்தான் பேசினோம், எனக்கும் பேச ஆசையாகத்தான் இருந்தது, அன்றைக்குப் பயந்துகொண்டு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். மேனேஜருக்கு யாரைச் சொல்கிறேன் என்று நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் கெட்ட மனுசர் இல்லை. அதுதான் முடிந்துபோன கதையாயிற்றே, இப்போது வந்து எதற்காகச் சொல்கிறாய் என்று கேட்டார்.  ஆனால் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். இதைக் கேட்டுவிட்டு இனி உன்னைப் பெண்கள் வாசலில் எப்படி வைத்துக்கொள்வது என்றார். பேச்சு அன்றைக்கே அத்தான் காதுக்குப் போய்விட்டது. அக்காள் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாத்தான்குளத்துக்கு பஸ் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பகல் ஆட்டத்துக்குப் போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் உள்ளே போய், ரெண்டு பேருக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று வருசம் அந்த வாசலில் நின்றவள், முதல் தடவையாக ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் பார்த்தேன். சொத்துக்காகச் சண்டை போடுகிற ஒரு குடும்பத்துக் கதை. கோர்ட்டு வந்தது, பாட்டு வந்தது, பிரிந்தவர்கள் கூடினார்கள். சுற்றிலும் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு அங்கெல்லாம் ஒன்றும் வரவில்லை. நடுவில் ஒரு இடத்தில் ஒரு தபால்காரர் வருகிறார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறார். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வெயிலில் போய்விடுகிறார். கதைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மறுபடி வரவும் இல்லை. அந்த இடத்தில் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

படம் விட்டு வெளியே வந்தேன். பெண்கள் எல்லாம் அவரவர் வீட்டு ஆட்களோடு சேர்ந்து, படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தார்கள். தபால்காரர் தண்ணீர் குடித்த இடத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கூட்டம் கலைகிற வரைக்கும் நின்று பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன்.